பெரியப்பாவிடம் மிஞ்சிய சொல்

நம்மைப் போல எழுபதை ஒட்டியும் தாண்டியும் நிற்கிறவர்கள் நாலு பேர் கல்யாண வீட்டில் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எங்கே போகிறது என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதலில் முட்டிவலி. அப்புறம் சர்க்கரை. பந்திக்குக் கூப்பிடுவதற்குள் யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதில் வந்து நிற்கும். போன வைகாசியில் ஒரு கல்யாணத்தில் என்னையும் கேட்டார்கள். "எங்க ஊட்டுக்காரருதான்" என்றேன். மேலே சொல்வதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். அங்கே விட்டதைத்தான் இப்போது சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. சேலத்து ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் வீட்டிலேயே வைத்துக் கவனித்துக்கொள்ளலாம் என்று அனுப்பினார்கள். நாகலூர் பஸ் போகிற ரோட்டிலிருந்து காப்பிச் செடிகளுக்கு நடுவே இறங்கினால் எங்கள் வீடு. ஏற்காட்டிலிருந்து ஸ்கூட்டியில் ஒரு நர்ஸ் பெண் வருகிறாள். மூத்திரக் குழாயை மாற்றுவாள், பிரஷர் பார்ப்பாள், ஆளைத் திருப்பி முதுகில் புண் வருகிறதா என்று பார்ப்பாள். கைகால் பயிற்சிக்கு ஒரு பையனும் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண்ணும் சேலத்திலிருந்து மலையேறி வருகிறார்கள். அவர்கள் வந்துபோகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் நான்தான். மகன் பெங்களூரில் இருக்கிறான்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் நர்ஸ் பெண் தொப்பலாக நனைந்து வந்தாள். அவளுடைய கம்பளிச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, "அம்மா, ஐயாவ அந்தப் பக்கம் புடிச்சுக்கங்க" என்றாள். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் முதுகில் பவுடர் போட்டாள். ஈரக் கம்பளியின் வாசனை, படுத்தே கிடக்கிற உடம்பின் வாசனை, ஓட்டில் மழைச் சத்தம். மூன்றும் சேர்ந்து வந்தபோது எனக்குக் கை தளர்ந்துவிட்டது. "ஏனுங்கம்மா, மயக்கமா?" என்று அவள் கேட்டாள். மயக்கம் இல்லை. நான் பிறந்த வீட்டின் பின்கட்டு அறைக்குப் போய்விட்டு வந்தேன், அவ்வளவுதான்.

அந்த அறையில் என் பெரியப்பா படுத்திருந்தார். அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும்.

பெரியப்பா, அதாவது என் அப்பாவின் அண்ணன், பக்கத்து எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதுகிற ரைட்டர். விடிந்ததும் களத்தில் நின்று வேலையாட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தக் குரல் பள்ளத்தைத் தாண்டி, சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி எங்கள் வீடு வரைக்கும் வரும். கடைசிப் பேர் வருவதற்குள் அம்மா களிக்கு உலை வைத்திருப்பாள். எங்களுக்குக் கடிகாரம் அதுதான்.

பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. மேட்டில் அவர்கள் வீடு, கீழே கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. பெரியம்மா நெடுநெடுவென்று இருப்பாள், வாய் ஓயாது. கோழியைத் திட்டுவாள், மழையைத் திட்டுவாள், அதே மூச்சில் பெரியப்பாவையும் திட்டுவாள். அவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். "உங்க பெரியம்மா திட்டுனாத்தான் கண்ணு எனக்குக் காப்பி உள்ள எறங்கும்" என்பார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்தது விடவில்லை. ஒரு காலையில் பேர் கூப்பிடுகிற சத்தம் பாதியில் நின்றது. அம்மா முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த பேருக்காகக் காத்து நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. பேர் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து யாரோ ஓடி வருகிற சத்தம்தான் வந்தது.

எஸ்டேட் ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். பெரியம்மாவும் கூடவே போய்விட்டாள். மழை ஓய்ந்து செடியில் பழம் சிவக்கிற சமயத்தில் திரும்பி வந்தார்கள். ரோட்டில் ஜீப் நின்றது. பெரியப்பாவைக் கம்பளியில் கிடத்தி நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை யாருடையதோ போல மார்பில் கிடந்தது. ஊரே வந்து பார்த்தது. "என்னை யாருன்னு தெரியுதுங்களா?" என்று ஒவ்வொருவரும் குனிந்து கேட்டார்கள்.

"இல்ல" என்றார்.

அந்த ஒரு சொல்தான் அவரிடம் மிஞ்சியிருந்தது. அத்தனை பேரின் பெயரையும் மலை கேட்கக் கூப்பிட்டவரிடம் வேறு எதுவும் இல்லை. வலிக்குதுங்களா, இல்ல. தண்ணி வேணுமா, இல்ல. வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். எனக்கு மட்டும் அந்த "இல்ல" ஒவ்வொரு தடவையும் வேறுவேறு மாதிரி கேட்டது. ஒன்று நீளமாக இருக்கும், ஒன்று வெடுக்கென்று இருக்கும், ஒன்று பாட்டு மாதிரி போய் இறங்கும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயமாகவும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வாரத்துக்கு ஒருதரம் குடை பிடித்துக்கொண்டு நடந்து வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். "அசைக்காம படுக்க வெச்சிருங்க. உடம்புக்கு ஓய்வு வேணும்" என்பார். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான், அவர்மேல் குற்றம் சொல்வதற்கில்லை.

பெரியம்மா அவர் பேச்சைக் கேட்கவில்லை. வைத்தியம் தெரிந்து செய்தாள் என்று நான் நினைக்கவில்லை. அவளுக்குச் சும்மா கிடக்கிற ஆளைப் பார்க்கப் பொறுக்காது, அவ்வளவுதான். தன் பழைய நூல்சேலை ஒன்றை முறுக்கிக் கட்டிலின் கால்மாட்டில் கட்டினாள். பச்சையில் மஞ்சள் கரை போட்ட சேலை. இடது கையால் அதைப் பிடித்து இழுத்து அவரே எழுந்து உட்கார வேண்டும். பித்தளை டம்ளரையும் பழக்கமில்லாத அந்தக் கையில்தான் கொடுப்பாள். அது விழும், காப்பி கொட்டும். மறுபடி ஊற்றுவாள்.

"எத்தன தடவ கொட்டுனாலும் நான் ஊத்துவேன். காப்பிக்கு நம்மூட்டுல என்ன பஞ்சம்? புடிங்க. ஆம்பள கையா இது? புடிங்கன்னா!"

"இல்ல."

"என்ன நொல்ல? புடிங்க."

டம்ளர் விழுந்து விழுந்து அதன் விளிம்பு நெளிந்துபோயிருந்தது. ஒருநாள் அவர் அந்த நெளிந்த டம்ளரை நடுங்கி நடுங்கி வாய்வரை கொண்டுபோய்க் கடைசி மடக்கு வரை குடித்துவிட்டார். பெரியம்மா அடுப்படிக்குப் போய் வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டினாள். பெரியப்பா என்னைப் பார்த்தார். சரியாக இருந்த பாதி வாயில் சிரிப்பு இருந்தது.

அப்புறம் அவரை நடக்க வைத்தாள். அவர் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டி, அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு காப்பி காயப்போடுகிற களம் வரை கூட்டி வருவாள். ஒரு காலை வைப்பார், இன்னொரு காலை இழுப்பார். வழியெல்லாம் திட்டுதான். பழம் பறிக்கப் போகிற பெண்கள் கூடையோடு நின்று பார்ப்பார்கள். "படுத்த மனுசன இப்படியா பாடாப் படுத்துவா? பாவம்" என்று பேசிக்கொண்டு போவார்கள். அந்தப் பேச்சு கடைக்குப் போனது, அங்கிருந்து பஸ் ஏறி வெள்ளக்கடை ஊரில் இருக்கிற என் அத்தைக்கும் போய்விட்டது.

அத்தை என்றால் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தங்கை. அவள் மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்த நேரம் கெட்ட நேரம். பெரியப்பா களத்தில் விழுந்து கிடந்தார். வேட்டியெல்லாம் சேறு. பெரியம்மா இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று, "எந்திரிங்க. நான் தூக்க மாட்டேன். நீங்களே எந்திரிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அத்தை போட்ட சத்தத்தில் நாங்கள் எல்லோரும் மேட்டுக்கு ஓடினோம். "எங்கண்ணன கொல்லப் பாக்கறாளே" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். பெரியப்பாவின் தலையை மடியில் எடுத்து வைத்துச் சேற்றை முந்தானையால் துடைத்தாள். அத்தையின் அழுகையில் பொய் இல்லை. அதைச் சொல்லியே ஆகவேண்டும். அவர்களில் யாருமே கெட்டவர்கள் இல்லை.

பெரியப்பாவை எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மறுநாளே ஊர்ப் பெரியவரை வரவழைத்தார்கள். பெரியம்மா வீட்டு வாசலில் கம்பளி விரித்து உட்கார்ந்தார்கள். பெரியப்பாவைத் தூக்கிவந்து கயிற்றுக் கட்டிலில் சாய்த்து வைத்தார்கள். ஒரு பக்கம் அப்பா, அத்தை, மாமா. எதிரில் பெரியம்மா தனியாக நின்றாள். அவள் பக்கத்து மனிதர்கள் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அவள் பிறந்த ஊர் மலைக்கு அந்தப் பக்கம். அம்மா கதவோரத்தில் நின்றாள், நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஊர்ப் பெரியவர் நியாயமான மனிதர். "நாம என்னத்துக்கு முடிவு பண்ணோணும்? அவரையே கேட்டுப்புடலாம்" என்றார். கட்டில் பக்கம் குனிந்து, சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்.

"ஏனுங்க ரைட்டரே, உங்க சம்சாரத்துகிட்டயே இங்க இருக்கறீங்களா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்த ஊட்டுல, இந்தம்மாகூட, இருக்கறீங்களா?"

"இல்ல. இல்ல. இல்ல."

கண்ணில் தண்ணீர் வழிந்தது. அத்தை, "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்றாள். ஊர்ப் பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். நான் பெரியம்மாவைப் பார்த்தேன். யாராவது கன்னத்தில் அறைந்தால் ஒரு நொடி முகம் வெறுமையாகப் போகுமே, அப்படி நின்றாள். உள்ளே போய் அவர் வேட்டிகளை மடித்து எடுத்துவந்து என் அம்மாவின் கையில் கொடுத்தாள். மேலே நெளிந்த டம்ளரையும் வைத்தாள்.

இதை இங்கே நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் வந்த முதல் வாரத்திலேயே என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்: "மூளையில பேச்சு இருக்கற எடம் அடிபட்டா சில பேருக்கு ஒரே ஒரு வார்த்தை மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கும் அம்மா. அவங்க என்ன சொல்ல நெனச்சாலும் வாயில அதுதான் வரும். அந்த வார்த்தைக்கு அர்த்தம் எடுத்துக்காதீங்க." என் வீட்டுக்காரருக்கு ஒட்டிக்கொண்ட வார்த்தை "சரி." பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் சந்தோஷம். எவ்வளவு பொறுமை, எல்லாத்துக்கும் சரிங்கறாரே என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் லேசில் சரி என்று சொல்லாத மனிதர் அவர். அந்தப் பெண் சொன்னதைக் கேட்டு நான் அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் நான் என் வீட்டுக்காரரை நினைத்து அழுகிறேன் என்று நினைத்தாள்.

அன்றைக்கு அந்த வாசலில் ஒருவராவது கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டிருக்கலாம். "உங்க தம்பி ஊட்டுக்கு வர்றீங்களா?" என்று. கேட்டிருந்தால் அதற்கும் "இல்ல" என்றுதான் வந்திருக்கும். யாருக்கும் தோன்றவில்லை. கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில் நிற்கிற பலா மரம் வரை, அதைத் தாண்டி எங்கள் வாசல் வரை, "இல்ல, இல்ல" என்று கத்திக்கொண்டே வந்தார். பெண்டாட்டியின் மேல் அவ்வளவு வெறுப்பு என்று கம்பளியைப் பிடித்திருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் அதுவரை மிளகு மூட்டைதான் கிடக்கும். சுத்தம் பண்ணி, வைக்கோல் பரப்பி, மேலே கம்பளி போட்டுப் படுக்க வைத்தார்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். அப்பா தினமும் வேலை முடிந்து வந்து கால் அமுக்கிவிடுவார். அம்மா சோற்றைக் குழைத்து வாயில் ஊட்டிவிடுவாள். யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் நல்லா வெச்சிருக்கீங்க" என்றார்.

காப்பி கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. முதல் நாள், "காப்பி வேணுங்களா பெரியப்பா?" என்று கேட்டேன். "இல்ல" என்றார். திரும்பப் போனேன். பின்னாலிருந்து இன்னொரு "இல்ல" வந்தது. திரும்பிப் பார்த்தால் இடது கையை நீட்டிக்கொண்டிருந்தார். கொடுத்தேன், குடித்தார். அதற்கப்புறம் நானும் கேட்பதில்லை, அம்மாவும் கேட்பதில்லை. நேரத்துக்குக் கொடுத்துவிடுவோம். பாருங்கள், காப்பி விஷயத்தில் எங்கள் வீட்டுக்கே தெரிந்திருந்தது, அவர் சொல்கிற "இல்ல"வுக்கு வேண்டாம் என்று அர்த்தமில்லை என்று.

கை நீட்டுவது கொஞ்ச நாள்தான். நாம்தான் ஊட்டிவிடுகிறோமே, கை எதற்கு? மெல்ல மெல்லக் கையும் வருவது நின்றது. அப்புறம் அந்த "இல்ல"வும் குறைந்துபோனது. நாள் முழுக்க ஒரு தடவைகூடக் கேட்காமல் போகும். பலகை ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வரும், அதையே பார்த்துக்கொண்டு கிடப்பார். எங்கள் எல்லோருக்கும் வேலை இருந்தது. பழம் பறிக்கிற காலம், வீட்டில் ஆளே இருக்காது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து எட்டிப் பார்த்தால் காலையில் எந்தப் பக்கம் திருப்பி வைத்தோமோ அந்தப் பக்கமே இருப்பார்.

மேட்டு வீட்டிலும் ஒருத்தி தனியாகத்தான் இருந்தாள். பெரியம்மா தன் காப்பியைத் தானே பறித்தாள், தானே உலர்த்தினாள். ஊரில் அவளோடு பேச்சு நின்றுபோயிருந்தது. அம்மா என்னிடம் அவ்வப்போது ஒரு கிண்ணத்தில் குழம்பு கொடுத்துவிடுவாள். அப்பா இல்லாத நேரமாகப் பார்த்துத்தான். நான் போனால் பெரியம்மா கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டுக் களத்து மேட்டில் உட்காருவாள். என்னையும் உட்காரச் சொல்வாள். கட்டிலில் முறுக்கிக் கட்டிய சேலை அப்படியே இருந்தது, அவிழ்க்கவில்லை.

"சாப்புடறாரா?" என்று கேட்டாள் ஒருநாள்.

"அம்மா ஊட்டிவிடுவாங்க பெரியம்மா."

"ம்." கொஞ்ச நேரம் காய்கிற காப்பியைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னிடமா, தனக்குத்தானா என்று தெரியாமல் சொன்னாள். "ஆண்டவன் அத்தன பேச்சையும் புடுங்கிட்டு ஒரு வார்த்தைய மிச்சம் வெச்சான். அந்த ஒண்ணையும் எம்மேல போட்டுட்டுப் போயிட்டாரு கண்ணு."

கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

தை பிறந்த சமயம் பெரியப்பாவின் முதுகில் புண் வந்துவிட்டது. அம்மாதான் முதலில் பார்த்தாள். வேப்பெண்ணெய் காய்ச்சிப் போட்டாள். அது ஆறவில்லை. கம்பவுண்டர் மருந்து போட்டுக் கட்டினார். கட்டை அவிழ்க்கிறபோது அந்த அறைக்குள் நிற்க முடியாது. பெரியப்பா சத்தம் போடமாட்டார், கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொள்வார்.

ஒருநாள் சாப்பிடுகிறபோது அம்மா அப்பாவிடம் சொன்னாள். "ஏனுங்க, எனக்கு ஒண்ணு தோணுது. உங்கண்ணன் எதக் கேட்டாலும் இல்லன்னுதான சொல்றாரு? காப்பிக்கும் இல்லன்னாரு, குடிச்சாரு. அப்ப அன்னிக்கு அக்காவப் பத்திக் கேட்டதுக்கும்..."

அப்பா கையை உதறினார். "அத்தன பேரு முன்னால, ஊர்ப் பெரியவரு கேட்டு, எங்கண்ணன் வாயால சொன்னது. ஊரைக் கூட்டி மறுபடி அதத் தப்புன்னு சொல்லச் சொல்றியா? சும்மா இரு."

அப்பா எழுந்து கை கழுவப் போன பிறகும் அம்மா தட்டில் இருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பாவும் அதை யோசித்துப் பார்த்திருப்பார் என்றே இப்போது எனக்குப் படுகிறது. யோசித்ததனால்தான் அவ்வளவு கோபம்.

அதற்கு அடுத்த வாரம் அப்பா காப்பி மூட்டையோடு சேலத்துக்கு இறங்கினார். அவர் ஏறிய பஸ் சத்தம் தேய்ந்ததும் அம்மா அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தாள். தூறிக்கொண்டிருந்தது. கோணிச் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு என் கையைப் பிடித்து மேட்டுக்கு ஏறினாள். பெரியம்மா முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க வந்து ஒருதரம் பாக்கோணும்."

"எதுக்கு? வேண்டாம்னு சொன்ன மனுசன நான் எதுக்குப் பாக்கோணும்?"

"அவரு வேண்டாம்னு சொல்லல அக்கா. மழ பெய்யுதான்னு கேட்டா இல்லங்கறாரு. பசிக்குதான்னு கேட்டா இல்லங்கறாரு. உங்க பேரு என்னன்னு கேட்டாக்கூட இல்லதான். அவருகிட்ட வேற பேச்சே இல்லீங்க. எங்களுக்குத்தான் வெளங்கல." அம்மா தலையில் இருந்த சாக்கை இறக்கினாள். "முதுகு பூரா புண்ணா இருக்குதுங்க."

பெரியம்மா கையில் இருந்த விறகைக் கீழே போட்டாள். எங்களுக்கு முன்னால் அவள்தான் இறங்கினாள். தலையில் ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை.

பின்கட்டு அறை வாசலில் போய் நின்றுவிட்டாள். பெரியப்பா சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தார். அவள் சுற்றிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பெரியம்மா என்ன திட்டப் போகிறாளோ என்று நான் நினைத்தேன். அவள் மெதுவாக, நான் அதற்கு முன் அவளிடம் கேட்டிராத குரலில் கேட்டாள்.

"நான் போகட்டுங்களா?"

"இல்ல" என்றார்.

இத்தனை வருஷம் கழித்தும் என்னால் ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. எது கேட்டாலும் அதுதான் வந்திருக்கும் என்று தெரியும். ஆனால் நான் அங்கே இருந்தேன். நாள்கணக்காகக் காணாமல் போயிருந்த குரல் அன்று வந்தது. பெரியம்மா இன்னொரு தடவை கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என்ன படுக்கை இது? முதுக இந்த மாதிரியா விடுவாங்க? எந்திரிங்க மொதல்ல" என்று ஆரம்பித்துவிட்டாள்.

பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்களை அம்மா கூப்பிட்டாள். பாவம் பாவம் என்று பேசிய அதே பெண்கள்தான். ஆளுக்கு ஒரு மூலையாகக் கம்பளியைப் பிடித்து மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நான் டம்ளரையும் வேட்டிகளையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். பின்கட்டு அறையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். மேட்டுப் பக்கம் ஏறினார். பலா மரத்தடியில் நின்றார். மேலே பெரியம்மா திட்டுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அதற்கு மேல் போகாமல் திரும்பி வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். அம்மாவோடு அவர் முகம் கொடுத்துப் பேசப் பங்குனி ஆனது. அதுவரை வேண்டியதை என்னிடம் சொல்லித்தான் கேட்பார், அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள்.

பெரியப்பா மறுபடி நடக்கவில்லை. பின்கட்டில் கிடந்த நாட்களில் கால் குச்சியாகிவிட்டது. புண் ஆறியது. சேலையைப் பிடித்து எழுந்து உட்காருகிற வரைக்கும் பெரியம்மா கொண்டுவந்துவிட்டாள். அதற்கு அடுத்த வருஷம், முதல் மழைக்குக் காப்பி பூத்து மலையே மணந்துகொண்டிருந்த நாளில் அவர் போனார். "எங்கண்ணன் வேண்டாம்னுதான் சொன்னாரு" என்று அப்பா தன் கடைசிக் காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். பெரியம்மா அதை மறுத்து யாரிடமும் வாதாடவில்லை. தனியாகவே இருந்து, தனியாகவே போய்ச் சேர்ந்தாள்.

இதையெல்லாம் நான் எதற்குச் சொல்கிறேன் என்றால், போன மாதம் என் மகன் போனில் முகத்தைக் காட்டி அவன் அப்பாவிடம் கேட்டான். "அப்பா, அம்மா தனியா நொம்பக் கஷ்டப்படறாங்க. ரெண்டு பேரும் இங்க பெங்களூருக்கே வந்துடறீங்களா? பக்கத்துலயே நல்ல ஆஸ்பத்திரி இருக்குது."

"சரி" என்றார் என் வீட்டுக்காரர்.

மகன் முகம் மலர்ந்துவிட்டது. நல்ல பையன், உண்மையான அக்கறையில்தான் கேட்டான். நான் போனை வாங்காமல், "இன்னொண்ணும் கேளு சாமி. இங்கயே இருக்கறீங்களான்னும் கேளு" என்றேன். கேட்டான்.

"சரி."

மகன் போனுக்குள்ளிருந்து அப்பாவை உற்றுப் பார்த்தான். அப்புறம், "அப்ப எப்பிடிம்மா தெரிஞ்சுக்கறது?" என்றான். எனக்குத் தெரிந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? "ரெண்டு நாள் வந்து பக்கத்துல உக்காந்து பாரு" என்றேன்.

லீவு போட்டுவிட்டு வந்தான். அப்பாவுக்குச் சவரம் பண்ணிவிட்டான், சோறு ஊட்டினான், நர்ஸ் பெண்ணிடம் ஆளைத் திருப்பிப் போடக் கற்றுக்கொண்டான். ஜன்னலோரம் உட்கார்ந்து தோட்டத்தில் காட்டெருமை வந்து நின்றதை இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். புறப்படுகிற அன்று காலையில் கட்டிலருகே குனிந்து, "போயிட்டு வரட்டுங்களாப்பா?" என்றான். "சரி" என்றார். சொல்லிவிட்டு இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவில்லை. மகன் கையை உருவவும் மனசில்லாமல் குனிந்தபடியே வெகுநேரம் நின்றான்.

"இந்த ஊட்ட விட்டு வர அவருக்கு இஷ்டமில்லம்மா. இங்கயே இருக்கட்டும். நான் அடிக்கடி வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினான்.

அவன் அப்படி எடுத்துக்கொண்டான். எனக்கும் அதுதான் வசதி, இந்த வீட்டைவிட்டு எங்கேயும் போக எனக்கு மனசில்லை. ஆனால் கார் சத்தம் தேய்ந்த பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது அந்த இடது கை இன்னும் கம்பளிமேல் பிடித்த வாக்கிலேயே மடங்கியிருந்தது. போகாதே என்று பிடித்தாரா, என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று பிடித்தாரா?

"ஏனுங்க, அவங்கூடப் போகோணும்னு இருந்துதுங்களா?" என்று கேட்டேன்.

சரி என்றார்.